கடல் நீச்சலில் தொடர்வதா, நிறுத்துவதா? முடிவைக் கரையிலேயே எடுங்கள்

நீச்சல் மிகச் சிறந்த உடற்பயிற்சிகளுள் ஒன்று. மூட்டுகளுக்குச் சுமை தராமல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பயிற்சி தருவதால், நோயாளிகள் பலருக்கும் நாங்கள் அதைப் பரிந்துரைக்கிறோம். குளத்தில் நீந்திப் பழகியவர்களுள் சிலர், காலப்போக்கில் கடலில் நெடுந்தொலைவு நீந்தவும் விரும்புகின்றனர். 1994ஆம் ஆண்டு, 12 வயதுச் சிறுவனாகக் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையைக் கடந்தது தமிழகம் நன்கறிந்த செய்தி. அண்மை ஆண்டுகளில் பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலை நீந்திக் கடந்துள்ளனர்.

இத்தகைய முயற்சிக்கு முன் உடற்தகுதிச் சான்று பெறுவதற்காக மருத்துவரிடம் வருவோர், பெரும்பாலும் ஒரே வினாவைக் கேட்கின்றனர்: "இவருடைய உடல் இவ்வளவு தொலைவைத் தாங்குமா?" தேவையான வினாதான். ஆயினும் அதைவிட முதன்மையான வினா ஒன்று உண்டு. எந்த நிலை வந்தால் நீச்சலை நிறுத்த வேண்டும், அதை யார் சொல்ல வேண்டும் என்பதே அது. நீந்துவோரும், அவர்களுடன் படகில் செல்லும் குடும்பத்தினரும் அதற்குரிய விடையை அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கடல் நம் உடலை என்ன செய்கிறது?

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். அதனால்தான் 28 டிகிரிக் காற்றில் வியர்க்கும் நமக்கு, 28 டிகிரி நீரில் சில மணி நேரம் இருந்தால் நடுக்கம் எடுக்கிறது. நீந்தும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்கி இந்த இழப்பை ஈடுசெய்கின்றன. தசைகள் களைத்துக் கைவீச்சு தளர்ந்ததும் வெப்ப உற்பத்தி குறைகிறது, உடல் குளிர்கிறது; குளிர்ந்த தசை மேலும் தளர்கிறது. இந்தச் சுழற்சி ஒருமுறை தொடங்கிவிட்டால், மனவுறுதியால் மட்டும் அதை முறிப்பது கடினம்.

ஆங்கிலக் கால்வாய் போன்ற குளிர்ந்த கடல்களில் இது இன்னும் விரைவாக நிகழும். கோடைக்காலத்திலும் அங்கு நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 15 முதல் 18 டிகிரி வரையே இருக்கும். கடுங்குளிர் நீரில் இறங்கிய முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், இதயத்துடிப்பு விரையும். பழக்கமில்லாதவர்களுக்கு அந்தச் சில நிமிடங்களே ஆபத்தானவை. பிறகு கைகால்களின் தசைகளும் நரம்புகளும் குளிர்ந்து விரல்கள் விறைக்கும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதனைத் தாழ்வெப்பநிலை என்கிறோம். 32 டிகிரி வரை பொதுவாக நடுக்கம் இருக்கும். அதற்கும் கீழே செல்லும்போது நடுக்கம் குறைந்து நின்றுவிடலாம். குழப்பமும் மயக்கமும் மிகும். 28 டிகிரிக்கும் கீழே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே கேடு வரலாம். குளிரில் இருப்பவரின் நடுக்கம் தானாக நின்றுவிட்டதைக் கண்டு, "பழகிவிட்டது" என்று குடும்பத்தினர் ஆறுதல் கொள்ளக் கூடாது. அது பெரும் எச்சரிக்கை.

முடிவெடுக்கும் உறுப்பே முதலில் தளர்கிறது

மலையேறுபவர் களைத்தால் ஒரு பாறையில் அமர்ந்து சிந்திக்கலாம். ஓடுபவர் சாலையோரம் நின்றுகொள்ளலாம். கடலில் நீந்துபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அசைவை நிறுத்திய கணமே உடல் குளிரத் தொடங்கும். நீரோட்டம் அவரைத் திசைமாற்றி இழுத்துச் செல்லும்.

அத்துடன் குளிர், களைப்பு, சர்க்கரைக் குறைவு, சோடியம் அளவில் ஏற்படும் மாற்றம், உறக்கமின்மை ஆகிய அனைத்தும் மூளையின் சீர்தூக்கும் ஆற்றலையே மங்கச் செய்கின்றன. பாதிக்கப்பட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை, தொடர்கிறேன்" என்று உறுதியாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தம் நிலையை அளந்தறியும் கருவியே பழுதுபட்டிருப்பதை அவரால் உணர இயலவில்லை. மாறாக, ஆபத்து ஏதும் இல்லாத வேளையில் வெறும் சலிப்பினாலோ அச்சத்தினாலோ "போதும்" என்று தோன்றுவதும் உண்டு. ஆகவே நீந்துபவரின் சொல்லை மட்டும் நம்பித் தொடர்வதும் தவறாகலாம், நிறுத்துவதும் தவறாகலாம்.

இதற்கு ஒரே வழி, தெளிந்த மனத்துடன் கரையில் இருக்கும்போதே நிறுத்த வேண்டிய நிலைகளை எழுதி வைத்து, அவற்றை நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தைப் படகில் உள்ள ஒருவரிடம் ஒப்படைப்பதே ஆகும்.

இரு வீராங்கனைகள் தரும் பாடம்

கல்கத்தாவைச் சேர்ந்த ஆரத்தி சாஹா, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி. 1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அவர் மேற்கொண்ட முதல் முயற்சி நிறைவேறவில்லை. வழிகாட்டிப் படகு தாமதமாக வந்ததால், சாதகமான நேரம் தவறிப்போயிற்று. இங்கிலாந்துக் கரைக்கு ஏறத்தாழ 5 மைல் தொலைவு வரை வந்த பின்னர் எதிர் நீரோட்டத்தில் சிக்கினார். மணிக்கணக்கில் போராடியும் மிகச் சிறு தொலைவே முன்னேற முடிந்தது. அவர் தொடரவே விரும்பினார். படகை வழிநடத்தியவர் வற்புறுத்தியதால் நிறுத்தினார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மீண்டும் கடலில் இறங்கி, 16 மணி 20 நிமிடங்களில் கால்வாயைக் கடந்தார். ஆகஸ்டில் நிறுத்தியதனால் அவர் எதையும் இழக்கவில்லை.

அமெரிக்க வீராங்கனை புளோரன்ஸ் சாட்விக்கின் வரலாறு வேறு வகையானது. 1952 ஜூலை 4 அன்று கேட்டலினா தீவிலிருந்து கலிபோர்னியக் கரையை நோக்கி நீந்தினார். கடும் மூடுபனியால் கரை கண்ணுக்குப் புலப்படவில்லை. 15 மணி நேரத்துக்கும் மேலாக நீந்திய பின் தம்மைத் தூக்கிவிடுமாறு கேட்டுக்கொண்டார். படகில் இருந்த தாயாரும் பயிற்சியாளரும் ஊக்கமூட்டியும் அவரால் தொடர இயலவில்லை. படகில் ஏறிய பின்னரே, கரை அரை மைல் அளவு தொலைவிலேயே இருந்தது தெரியவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் அக்கடலை வெற்றிகரமாகக் கடந்தார்.

இவ்வரலாற்றைப் பலரும் "நிறுத்தியிருக்கக் கூடாது" என்பதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். மருத்துவர் பார்வையில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 15 மணி நேரம் குளிர்நீரில் இருந்த உடலின் நிலையை, கரையிலிருந்து எவரும் அளந்துவிட இயலாது. இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, மீதமுள்ள தொலைவு, நேரம், நீரோட்டத்தின் திசை ஆகியவற்றைப் படகில் இருப்பவர் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். மற்றொன்று, நிறுத்தியவர் மீண்டும் முயலலாம்.

மீண்டும் முயல இயலாமற் போனவர்களையும் நாம் நினைவுகூர வேண்டும். வல்வெட்டித்துறையில் பிறந்து, 'ஆழிக்குமரன்' என்று ஈழத்தமிழர் போற்றிய வி. எஸ். குமார் ஆனந்தன், 1971ஆம் ஆண்டு பாக் நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தவர். பல கின்னஸ் சாதனைகளுக்கு உரியவர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியின்போது உயிரிழந்தார். அவருடைய திறமையையும் துணிவையும் எவரும் ஐயுற இயலாது. எத்தகைய வல்லவருக்கும் கடல் சலுகை தருவதில்லை என்பதே நாம் அதிலிருந்து உணர வேண்டியது.

தாங்கித் தொடரக்கூடிய துன்பங்கள்

ஒவ்வொரு துன்பத்துக்கும் நிறுத்தினால் எவரும் கடலைக் கடக்க முடியாது. பின்வருவன நெடுநீச்சலில் இயல்பானவை:

தோள்களிலும் முதுகிலும் இருபுறமும் சமமாகப் பரவும் சோர்வு வலி. அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் தோல் உராய்வினால் ஏற்படும் எரிச்சல். உப்புநீரால் நாக்கும் உதடும் தடித்தல். ஓரிரு முறை வாந்தி. சொறி எனப்படும் ஜெல்லிமீன் கொட்டிய இடத்தில் மட்டும் எரிச்சலும் தடிப்பும். இருளில் தோன்றும் அச்சம். பாதிவழியில் வரும் சலிப்பு.

குறிப்பாக, உணவு எடுக்கும் நேரம் நெருங்கும்போது மனம் சோர்ந்துபோவது மிகப் பொதுவானது. இரத்தத்தில் சர்க்கரை குறைவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். நெடுநீச்சல் வீரர்கள் ஏறத்தாழ 30 நிமிடத்துக்கு ஒருமுறை, மாவுச்சத்து கலந்த நீர்ம உணவைக் கயிற்றில் கட்டிய புட்டியின் மூலம் பெற்று அருந்துவர். ஆதலால், அறிவு தெளிவாகவும் கைவீச்சு சீராகவும் இருக்கும்போது "போதும்" என்று தோன்றினால், உணவருந்திவிட்டு மேலும் 30 நிமிடம் நீந்திப் பார்த்து முடிவெடுக்கலாம். அதற்குள் மனம் மாறிவிடுவதே பெரும்பாலும் நிகழ்கிறது. எனினும், இரண்டாம் முறையும் நிறுத்தக் கேட்டால் மறுத்துரைக்காமல் நிறுத்திவிட வேண்டும்.

கூர்ந்து கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

சில அறிகுறிகள் தோன்றிய உடனே நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அவை தோன்றிய பின் கண்காணிப்பைப் பன்மடங்கு கூட்ட வேண்டும்.

முதலாவது, நிமிடத்துக்கான கைவீச்சு எண்ணிக்கை. தொடக்கம் முதலே 30 நிமிடத்துக்கு ஒருமுறை இதனை எண்ணிக் குறிக்க வேண்டும். 60 ஆக இருந்த எண்ணிக்கை 55, 52 என்று படிப்படியாகக் குறைவது, களைப்போ குளிரோ மிகுவதன் அடையாளம். இரண்டாவது, ஒரு தோளில் மட்டும் கூர்மையான வலி. வலியைத் தவிர்ப்பதற்காகக் கைவீச்சின் வடிவமே மாறிவிட்டால், தசைநார் காயமடைந்துகொண்டிருக்கக்கூடும். மூன்றாவது, சிறுநீர் நெடுநேரம் கழியாமை. நான்காவது, அடுத்தடுத்த இரு வேளை உணவும் வயிற்றில் தங்காமை. ஐந்தாவது, ஒரு மணி நேரம் நீந்தியும் கரையை நோக்கி முன்னேற்றம் இல்லாமை. பாக் நீரிணையின் 30 கிலோமீட்டரைக் கடக்க 1966ஆம் ஆண்டு மிஹிர் சென்னுக்கு 25 மணி நேரத்துக்கும் மேலாயிற்று என்பதிலிருந்து, வரைபடத் தொலைவைக் கொண்டு நேரத்தைக் கணக்கிட முடியாது என்பது விளங்கும்.

இவற்றுள் ஏதேனும் இரண்டு ஒருசேரத் தோன்றினால், நிறுத்துவதற்கு ஆயத்தமாக வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய நிலைகள்

பின்வரும் நிலைகளில் ஒன்றே ஒன்று தோன்றினாலும், கரை 100 மீட்டர் தொலைவில் இருந்தாலும், நீச்சலை நிறுத்திவிட வேண்டும்.

1. எளிய வினாக்களுக்குத் தவறான விடை, குழறும் பேச்சு, படகை விட்டு விலகி வேறு திசையில் நீந்துதல், அழைத்தால் விடையளிக்காமை.

2. இருமல், நெஞ்சில் கரகரப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், நுரையுடனோ இளஞ்சிவப்பு நிறத்திலோ சளி. நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம் இது. நீரை விழுங்கியதால் ஏற்படும் புரையேற்றம் என்று பலரும் இதைத் தவறாக எண்ணிவிடுவர். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் இது வரக்கூடும். தொடர்ந்து நீந்தினால் விரைவாக முற்றும். நீரிலிருந்து வெளியேற்றினால் பெரும்பாலோர் தேறிவிடுவர்.

3. நெஞ்சுவலி, நெஞ்சு இறுக்கம், படபடப்பு, கண் இருட்டல், மயக்கம்.

4. குளிரால் விரல்களைச் சேர்த்து வைக்க முடியாமை, உணவுப் புட்டியைப் பிடிக்க முடியாமை, கடும் நடுக்கம், அல்லது நடுக்கம் திடீரென நின்றுபோதல்.

5. ஜெல்லிமீன் கொட்டிய பின் மூச்சுத்திணறல், முகவீக்கம், உடல் முழுதும் தடிப்பு, கடும் முதுகுவலி.

6. கடும் தலைவலி, தொடர்வாந்தி, குழப்பம் ஆகியவை சேர்ந்து வருதல். உப்பு சேராத நீரை அளவுக்கு மிஞ்சி அருந்தினாலும், கடல்நீரை மிகுதியாக விழுங்கினாலும் சோடியம் அளவு பிறழும்.

7. மின்னல், பெருங்காற்று, படகின் பழுது, நீந்துபவரைக் கண்ணால் காண இயலாத இருளோ பனியோ.

கடைசியாகக் கூறியவை உடலின் அறிகுறிகள் அல்ல. நீந்துபவர் முழு வலிமையுடன் இருந்தாலும், அவரைப் பார்க்க முடியாத நிலையில் எவராலும் காக்க முடியாது.

வெதுவெதுப்பான கடலும் ஆபத்தானதே

குளிர் மட்டுமே பகை என்று எண்ணிவிடக் கூடாது. நீர் மிகவும் வெதுவெதுப்பாக இருந்தால், கடும் வேகத்தில் நீந்துபவரின் உடலில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடைபெற்ற 10 கிலோமீட்டர் போட்டியில், அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் தமது 26ஆம் வயதில் உயிரிழந்தார். அன்று நீரும் காற்றும் மிக வெப்பமாக இருந்தன. அவர் கரை சேரவில்லை என்பது போட்டி முடிந்த பின்னரே கவனிக்கப்பட்டது. அதன் பின்னர் இத்தகைய போட்டிகளுக்கு நீரின் உயர்ந்த அளவு வெப்பநிலையாக 31 டிகிரி வரையறுக்கப்பட்டது.

நம் கடற்பகுதியில் கோடைக்காலப் பகல்களில் மேற்பரப்பு நீர் இந்த வரம்பை நெருங்கக்கூடும். வெயில் ஏறிய பிறகு தலைசுற்றல், குமட்டல், தெளிவின்மை, காரணமற்ற எரிச்சல் ஆகியவை தோன்றினால், அவற்றை வெப்பத் தாக்குதலின் தொடக்கம் எனக் கருதி நிறுத்த வேண்டும். அந்த வீரரின் மறைவு நமக்கு உணர்த்தும் மற்றொரு செய்தி, ஒவ்வொரு நீச்சல்காரரையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும் என்பதாகும்.

படகில் செல்லும் குடும்பத்தினருக்கு

நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். அவர் தாயோ தந்தையோ பயிற்சியாளரோ ஆகாமலிருப்பது நல்லது. பாசமும், செலவழித்த பணமும், காத்திருக்கும் ஊராரும் அவர்களுடைய சீர்தூக்கலைப் பாதிக்கக்கூடும். நெடுநீச்சலை நன்கறிந்த ஒரு மருத்துவரோ, அனுபவம் மிக்க பார்வையாளரோ அப்பொறுப்பை ஏற்பது சிறப்பு. அவர் சொன்னால் விவாதம் கூடாது என்று நீந்துபவரும் குடும்பத்தினரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலக் கால்வாயில், உடன் வரும் படகுத்தலைவருக்கும் பார்வையாளருக்கும் அந்த அதிகாரம் உண்டு.

ஒவ்வொரு உணவு வேளையிலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். "நலமா?" என்பது பயனற்ற வினா, "நலம்" என்ற விடை பழக்கத்தாலேயே வந்துவிடும். வீட்டுக் கதவு எண் என்ன, தங்கையின் பிறந்தநாள் எது, 50இலிருந்து 7ஐக் கழித்தால் எவ்வளவு என்பன போன்றவற்றைக் கேளுங்கள். விடை சரியாக இருக்கிறதா என்பதுடன், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மணி நேரத்தில் உடனே சொன்ன விடையை, ஆறாம் மணி நேரத்தில் நெடுநேரம் யோசித்துச் சொன்னால் அதுவே ஓர் அறிகுறி.

"இன்னும் கொஞ்சம்தான்" என்று ஆறுதலுக்காகப் பொய் சொல்லாதீர்கள். தொலைவைப் பற்றிய சொல் ஒருமுறை பொய்த்துவிட்டால், பின்னர் நீங்கள் கூறும் எதையும் அவர் நம்பமாட்டார்.

சிறுவர் நீந்தும்போது

இங்கு இன்னும் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். சிறுவர்களுக்கு உடல் எடையை நோக்கத் தோற்பரப்பு மிகுதி. தோலடிக் கொழுப்பும் பெரும்பாலும் குறைவு. ஆகவே பெரியவர்களைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவர். சேமிப்பிலுள்ள சர்க்கரையும் விரைவில் தீரும்.

இவற்றினும் மேலான காரணம் ஒன்றுண்டு. பெற்றோரின் முகம் வாடிவிடுமோ என்று அஞ்சிப் பிள்ளைகள் "முடியவில்லை" என்று சொல்லத் தயங்குவர். படகு முழுவதும் ஆட்களும் ஒளிப்படக் கருவிகளும் இருக்கும்போது அத்தயக்கம் பன்மடங்காகும். எனவே பெரியவர்களுக்குக் கூறிய 30 நிமிடக் காத்திருப்பு விதி சிறுவர்களுக்குப் பொருந்தாது. பிள்ளை ஒருமுறை "போதும்" என்று சொன்னால், அந்தச் சொல்லே இறுதியானது. அவ்வாறு சொல்லலாம் என்பதைப் பயணத்துக்கு முன்பே, பலமுறை, பெற்றோர் தம் வாயால் சொல்லியிருக்க வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே ஓரிரு முறை பிள்ளையை நிறுத்தச் சொல்லிப் பழக்கி, நிறுத்தியதற்காகப் பாராட்டுங்கள்.

நோயும் மருந்தும் உள்ளவர்கள்

இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியவர்கள், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணமோ காரணம் புரியாத நீரில் மூழ்கலோ நிகழ்ந்தவர்கள் ஆகியோர், இசிஜி, எக்கோ, உழைப்புச் சோதனை ஆகியவை பற்றி இதயநோய் மருத்துவரிடம் கலந்தாலோசிக்காமல் கடலில் இறங்கக் கூடாது. துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கும் சில மரபுவழி நோய்கள் நீந்தும்போதே முதன்முதலில் வெளிப்படுவதுண்டு. கட்டுப்பாடற்ற உயர் இரத்த அழுத்தம், நுரையீரலில் நீர் கோப்பதற்கான வாய்ப்பை மிகுவிக்கும்.

இன்சுலின் எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்குச் சர்க்கரை குறைவதும், உடல் குளிர்வதும் ஏறத்தாழ ஒரே அறிகுறிகளையே காட்டும். ஐயம் ஏற்பட்டால் நிறுத்துவதே முறை. வலிப்பு நோய் உள்ளவர்கள் குளத்தில்கூடத் தனியாக நீந்தலாகாது. திறந்த கடல் நீச்சலைத் தவிர்ப்பதே நலம். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுமருந்து படகில் இருக்க வேண்டும். பீட்டா தடுப்பு மருந்துகள் இதயம் விரைந்து துடிப்பதைக் கட்டுப்படுத்துவதால், களைப்பு முன்னதாகவே வரும். குமட்டலுக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மாத்திரைகள் உறக்கத்தைத் தூண்டும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தோள்வலியுடன் நீந்துவது இருமடங்கு கேடு: வலி என்னும் எச்சரிக்கையும் மறையும், நீர்ச்சத்துக் குறைந்த நிலையில் சிறுநீரகமும் பாதிக்கப்படும். அண்மையில் காய்ச்சல் கண்டவர்கள், முற்றிலும் தேறிய பின்னும் மருத்துவரைக் கேட்டே பயிற்சியைத் தொடங்க வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

நீரிலிருந்து எடுத்த பின்

நிறுத்தியவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ண வேண்டாம். குளிர்ந்த கைகால்களிலிருந்து இரத்தம் திரும்பும்போது, வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உள்வெப்பம் தொடர்ந்து குறையலாம். இயன்றவரை படுத்த நிலையிலேயே தூக்குங்கள். நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். ஈர உடையை அகற்றி, துடைத்து, உலர்ந்த துணியாலும் கம்பளியாலும் தலை உட்படப் போர்த்துங்கள். காற்றுப் படாமல் காத்திடுங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். வெந்நீரில் குளிப்பாட்டாதீர்கள். முழு நினைவுடன் இருந்தால் மட்டும் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் தரலாம். மது கூடவே கூடாது. மூச்சுத்திணறல் இருந்தால் படுக்க வைக்காமல் சாய்ந்து அமரச் செய்யுங்கள். வெப்பத் தாக்குதல் என்றால் போர்த்தக் கூடாது. நிழலில் வைத்து, நீர் தெளித்து, விசிறிக் குளிர்விக்க வேண்டும்.

மூச்சு நின்றிருந்தால் முதலில் வாய்வழிச் சுவாசம், பிறகு மார்பு அழுத்தம் என்ற வரிசையில் உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்குங்கள். படகில் செல்வோரில் இருவரேனும் இப்பயிற்சி பெற்றிருக்க வேண்டும். கடலில் உதவிக்கு இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554, கரையில் அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். நீரில் மூழ்கி மீண்டவரோ, மூச்சுத்திணறியவரோ தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனையில் கண்காணிக்கப்படுவது கட்டாயம்.

கரையில் எழுத வேண்டிய ஒரு தாள்

கடலில் இறங்குவதற்கு முன், ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக் கையொப்பமிடுங்கள்: நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது, எந்த அறிகுறிகளில் உடனே நிறுத்த வேண்டும், கைவீச்சு எண்ணிக்கை எந்த அளவுக்குக் கீழே செல்லக் கூடாது, எத்தனை மணி நேரத்துக்கு மேல் முயற்சியை நீட்டிக்கக் கூடாது, நோய்களும் மருந்துகளும் யாவை. அதன் ஒரு படியை நீந்துபவரும், ஒரு படியைப் படகில் உள்ளவரும் வைத்துக்கொள்ளுங்கள். உடற்தகுதிச் சான்றுக்கு வரும்போது அத்தாளையும் கொண்டுவந்தால், உங்கள் உடல்நிலைக்கு ஏற்ப அதைத் திருத்தித் தர எங்களால் இயலும்.

ஒருவேளை நிறுத்த நேர்ந்தால், படகில் ஏறியவரிடம் அன்று எவ்வளவு தொலைவு மீதமிருந்தது என்று பேசாதீர்கள். போர்த்தி, பருகக் கொடுத்து, உறங்க விடுங்கள். காரணங்களை ஆராயச் சில நாள்கள் கழித்து அமரலாம். ஆரத்தி சாஹாவுக்கு அடுத்த முயற்சிக்கு ஒரு மாதமே போதுமானதாக இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது ஓராண்டு ஆகலாம். கடல் அங்கேயே இருக்கும்; அவரும் இருக்க வேண்டும்.